கதிரைக்கு நான் போட்ட நட்சத்திரம்

என் இளங்கலை ஆய்வேட்டின் 23ஆம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. ஒரே ஒரு வரிதான். 2012ஆம் ஆண்டு கோடையில் அதை எழுதினேன். அதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்ணும் தந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அதை எனக்குள் வைத்திருந்துவிட்டு, அந்தப் பொய் யார் மேல் ஏறி நின்றதோ அவரிடம் போய் நேரில் சொன்னேன். இப்போது இங்கே எழுதுகிறேன். ஸ்வாஹிலி மொழி பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய ஏட்டின் பிழையைத் தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் பிழையை நான் கற்றுக்கொண்டது தமிழில்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் ஜெர்மனிக்கு வந்தேன். மாமா ஒரு ஆப்பிரிக்க ஆசியக் கடை வைத்திருந்தார். ஜெர்மன் நகரங்களில் இப்படிக் கடைகள் நிறைய உண்டு. ஒரு தட்டில் எங்கள் மிளகாய்த் தூள், கருவாடு, அரிசிமா. அடுத்த தட்டில் கிழங்கு, வாழைக்காய், வெள்ளைச் சோளமா. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதிலும் சனிக்கிழமைகளில் நான்தான் காசுமேசையில் நிற்பேன். அங்கேதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். அவர் பெயரை எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை. அக்கா என்றே எழுதுகிறேன். கென்யாவின் நக்கூரு நகரத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. சப்பாத்திக்கு ஆட்டா மா வாங்க வருவார். எங்களைப் போலவே அவர்களும் அதைச் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்கள். ஒருநாள் மேசையைத் தட்டி, ‘இதற்கு உங்கள் மொழியில் என்ன?’ என்றார். ‘மேசை’ என்றேன். ‘எங்களுக்கும் மேஸாதான்’ என்று சிரித்தார். இரண்டு மொழிகளுமே அந்தச் சொல்லைப் போர்த்துக்கேயரிடம் வாங்கியவை. கதிரையையும் நாங்கள் அவர்களிடமே வாங்கினோம். ஸ்வாஹிலியில் கதிரைக்கு அவர்களுடைய சொந்தச் சொல் இருந்தது: கீத்தி. இந்தக் கதை முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றித்தான்.

அவர் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டுத்தான் நான் ஆப்பிரிக்க மொழியியலுக்குப் போனேன். ஒரே ஒலி வாக்கியம் நெடுகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. முதலாம் ஆண்டு வகுப்பில் அதன் காரணம் தெரிந்தது. பாண்டு மொழிகள் எனப்படும் ஏறத்தாழ 500 மொழிகளில் பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஸ்வாஹிலிக்காரர்கள் அந்த வகுப்பை ‘ங்கேலி’ என்பார்கள். வகுப்புக்கு ஒரு முன்னொட்டு உண்டு. அது பெயரோடு நின்றுவிடாது. ‘நல்ல கதிரை ஒன்று உடைந்துவிட்டது’ என்பதற்கு ‘கீத்தி கிஸூரி கிமோஜா கிமெவுஞ்ஜீகா’. கதிரையின் ‘கி’ நல்லதிலும் ஏறுகிறது, ஒன்றிலும் ஏறுகிறது, உடைந்ததிலும் ஏறுகிறது. மூன்று கதிரைகள் உடைந்தால் எல்லாம் ‘வி’யாக மாறும்: ‘வீத்தி விஸூரி விதாத்து விமெவுஞ்ஜீகா’. வெளியிலிருந்து வந்த சொற்களையும் இந்த ஒழுங்கு விடுவதில்லை. அரபியின் ‘கிதாப்’ ஸ்வாஹிலிக்குள் வந்தபோது அதன் முதல் எழுத்தை வகுப்பு முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். புத்தகம் கித்தாபு, புத்தகங்கள் வித்தாபு. சாலைச் சுற்றுவட்டத்தில் ஆங்கிலேயர் எழுதி வைத்த ‘கீப் லெஃப்ட்’ என்ற அறிவிப்பிலிருந்து ‘கிபிலெஃப்தி’ பிறந்தது. பல சுற்றுவட்டங்கள் என்றால் ‘விபிலெஃப்தி’.

திணையும் பாலும் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட இனிய படிப்பு இருக்க முடியாது. எழுவாய் எதுவோ அதற்கேற்பப் பயனிலை முடிய வேண்டும் என்பது எனக்குப் பாலர் வகுப்புப் பாடம். ஆகவே ஆய்வேட்டுக்கும் அதையே எடுத்தேன். ஸ்வாஹிலியில் ஒரு சிக்கலான இடம் உண்டு. காண்டாமிருகத்துக்கு ‘கிஃபாரு’ என்று பெயர். வடிவத்தில் அது கதிரையின் வகுப்பு. ஆனால் ‘பெரிய காண்டாமிருகம் வருகிறது’ என்று சொல்லும்போது ‘கிஃபாரு ம்கூப்வா அனகூஜா’ என்பார்கள். அடையும் வினையும் மனிதருக்குரிய வகுப்பில் வந்துவிடுகின்றன. உயிர் உள்ளது என்றால் பொருள், வடிவத்தை வென்றுவிடுகிறது. உயிரற்ற பொருள்களில் வடிவம் தோற்பதே இல்லை. இதுதான் என் ஆய்வேட்டின் முடிவாக இருக்கும் என்று, ஒரு வாக்கியம்கூடச் சேகரிக்கும் முன்பே, முன்மொழிவில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

தகவலாளராக அக்கா வரச் சம்மதித்தார். கடை மூடிய பிறகு, பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஆறு மாலைகள். 120 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாளை வைத்திருந்தேன். நான் ஜெர்மன் மொழியில் வாசிப்பேன், அவர் ஸ்வாஹிலியில் சொல்வார், சிறிய ஒலிப்பதிவுக் கருவி இருவருக்கும் நடுவில் இருக்கும். முதல் மாலை, நான் கருவியை அழுத்தியதும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

‘உனக்கு எந்த ஸ்வாஹிலி வேண்டும்? பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததா, வீட்டில் கதைப்பதா?’

‘சரியானது’ என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் யோசித்து, பரீட்சை எழுதுகிறவர் போலச் சொன்னார். 1985இல் கென்யாவின் பள்ளிக் கல்வி மாறியபோது ஸ்வாஹிலி கட்டாயப் பாடமாகவும் பரீட்சைப் பாடமாகவும் ஆனது. அந்தப் பரீட்சைகளை எழுதி வளர்ந்தவர் அவர். கட்டுரைத் தாள்களில் வாத்தியார் சிவப்பு மையால் சுழித்த இடங்களை அவர் மறந்திருக்கவில்லை. என் கேள்வித்தாளுக்கு அவர் தந்த பதில்கள் அந்த நினைவிலிருந்து வந்தவை. எனக்கு வேண்டியதும் அவைதான். அட்டவணைகள் அழகாக நிறைந்தன.

ஐந்தாவது மாலை கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. கருவி ஓடிக்கொண்டிருந்தது. ‘ஏதாவது ஒரு கதை சொல்லுங்கள், விருப்பமானது’ என்றேன். அவர் தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நக்கூரு வீட்டு வாசலில் தாய்க்கு ஒரு மரக் கதிரை இருந்தது. தாய் இறந்த பிறகு அதில் யாரும் உட்காருவதில்லை. தம்பி ஆண்டுதோறும் அதற்கு வார்னிஷ் பூசுகிறார். ஸ்வாஹிலியில் ‘மாமா’ என்றால் அம்மா. அக்கா சொன்னது இது:

‘இலே கீத்தி யா மாமா ஈகோ ம்பாக்கா லேயோ.’ அம்மாவின் அந்தக் கதிரை இன்றைக்கும் இருக்கிறது.

பள்ளிக்கூட ஸ்வாஹிலியில் இது ‘கிலே கீத்தி சா மாமா கீகோ ம்பாக்கா லேயோ’ என்று வர வேண்டும். கதிரையின் வகுப்பு ‘அந்த’விலும் ‘உடைய’விலும் ‘இருக்கிறது’விலும் தெரிய வேண்டும். அக்காவின் வாக்கியத்தில் மூன்று இடத்திலும் அது இல்லை. அங்கே வேறொரு வகுப்பின் ஒட்டு இருந்தது. அன்று நான் அதைக் கவனிக்கவும் இல்லை. அவருடைய கண் கலங்கியதைத்தான் பார்த்தேன்.

ஏட்டைக் கொடுக்க ஒன்பது நாள் இருந்தபோது, இரவு, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டு எழுதினேன். கதிரை முதலில் வந்தது. பிறகு புத்தகம்: ‘கித்தாபு யாங்கு’ என்றார், நூல்களில் ‘கித்தாபு சாங்கு’. சிறு பிள்ளையைச் சொல்ல ‘கதோதோ’ என்றார். நூல்களிலுள்ள ஸ்வாஹிலியில் அந்தக் ‘க’ முன்னொட்டே இல்லை. பக்கத்து மொழியான கிக்கூயுவில் அது உயிரோடு இருக்கிறது. பதினெட்டு நிமிடக் கதையில் உயிரற்ற பொருள்கள் பெரும்பாலும் ஒரே ஒட்டை எடுத்துக்கொண்டிருந்தன. என் முடிவின் பாதி அந்தப் பதினெட்டு நிமிடத்தில் விழுந்துவிட்டது.

அந்த இரவு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஐந்தாவது மாலைப் பதிவின் கடைசிப் பகுதியைத் தரவுத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஏட்டில் ‘தரவுகள் கேள்வித்தாள் வழியாகத் திரட்டப்பட்டவை’ என்று எழுதினேன். கதை ஒன்று பதிவானதாக எங்கும் குறிப்பிடவில்லை.

அடுத்ததாக, பிழையான வாக்கியத்துக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. இலக்கணப்படி ஏற்க முடியாத வாக்கியத்தின் முன்னால் மொழியியலில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். நானாக ஒரு வாக்கியத்தை உருவாக்கியிருக்கலாம். களைப்பில் இருந்தேன், கதிரை வாக்கியம் கண்முன் இருந்தது. அதை எடுத்து முன்னால் நட்சத்திரம் போட்டேன்.

மூன்றாவதுதான் பொய். அந்த உதாரணத்தின் கீழே, ‘இவ்வடிவத்தைத் தகவலாளர் ஏற்கவில்லை’ என்று எழுதினேன். நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்காமல், ஒருவருடைய சொந்த வாயிலிருந்து வந்த வாக்கியத்தை அவரே மறுத்ததாக எழுதினேன்.

என் நெறியாளர் வரைவைப் படித்துவிட்டு அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ‘இதை உங்கள் தகவலாளரே மறுத்தாரா?’ என்று கேட்டார். நல்ல ஆசிரியர், சரியான இடத்தில்தான் விரலை வைத்தார். உண்மையைச் சொல்ல அது ஒரு கதவு. ‘ஆம்’ என்றேன். அவர் நம்பினார்.

ஜெர்மனியில் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழிக்குக் கையெழுத்திட வேண்டும்: இதை நானே எழுதினேன், பிறர் எழுத்தை என்னுடையதாகக் காட்டவில்லை. கையெழுத்திட்டேன். பிறர் எழுத்து எதையும் நான் எடுக்கவில்லை என்பது உண்மை. ஒருவருடைய பேச்சை எடுத்து அதற்கு எதிராகவே அவரைச் சாட்சியாக நிறுத்தினேன். மதிப்பெண் 1.3 கிடைத்தது. அங்கே 1.0தான் உச்சம்.

அக்கா ஒரு பிரதி கேட்டார். கட்டிக் கொடுத்தேன். கடையில் நின்றபடியே புரட்டினார். ஜெர்மன் எழுத்துகளுக்கு நடுவே தன் மொழி சாய்ந்த எழுத்தில் வரும் இடங்களில் நின்று நின்று வாசித்தார். 23ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

‘அம்மாவின் கதிரை’ என்றார். பிறகு, ‘இதற்கு மட்டும் ஏன் நட்சத்திரம்?’

‘முக்கியமான உதாரணம். அதுதான்’ என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து நக்கூருவிலுள்ள தம்பிக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் தனக்கு ஒருநாளும் நட்சத்திரம் கிடைத்ததில்லை, அம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது என்றார். நான் காசுப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. அந்த ஏட்டின் முதல் அதிகாரமே எனக்கு எதிரான சாட்சி. ‘சரியான ஸ்வாஹிலி’ எப்படி உண்டானது என்பதை நானே அங்கே எழுதியிருந்தேன். 1844இல் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி கிராஃப் மொம்பாசாவில் இருந்துகொண்டு அங்குள்ள பேச்சை எழுதினார். அவருடைய பெரிய அகராதி, அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1882இல் வெளிவந்தது. எட்வர்ட் ஸ்டீர் சான்சிபாரில் இருந்துகொண்டு அங்குள்ள பேச்சுக்கு 1870இல் கைநூல் எழுதினார். 1928இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு, பொது ஸ்வாஹிலிக்குச் சான்சிபார்ப் பேச்சே அடிப்படை என்று முடிவு செய்தது. 1930இல் அதற்கென்று ஒரு மொழிக் குழு அமைந்தது. பிரித்தானிய நிர்வாகத்தின் கீழிருந்த கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் பாடநூல்களின் ஸ்வாஹிலி எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தக் குழு கவனித்தது. 1944இல் ஆஷ்டனின் இலக்கணம் வந்தது. பல தலைமுறை மாணவர்கள் படித்த நூல். நிர்வாகத்துக்கும் அச்சுக்கும் ஒரே மொழி தேவைப்பட்டது. அதற்காக ஒரு கரையின் பேச்சைத் தெரிந்தெடுத்தார்கள். நக்கூரு அந்தக் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. அங்கே கிக்கூயுவும் கலெஞ்சினும் இன்னும் பல மொழிகளும் பேசுகிறவர்கள் ஒரே சந்தையில் நின்று ஸ்வாஹிலி கதைக்கிறார்கள். அவர்களுடைய ஸ்வாஹிலியும் பிள்ளைகள் தாய்மடியில் கேட்டு வளர்ந்த மொழிதான்.

அதே அதிகாரத்தில் கார்ல் மைன்ஹோஃபைக் கண்டித்தும் எழுதியிருந்தேன். பாண்டு மொழிகளின் ஒலியியலை 1899இல் ஒழுங்குபடுத்திய பேரறிஞர் அவர். 1909இல் ஹாம்பர்க்கில் பேராசிரியர் ஆனவர். 1912இல் வெளிவந்த ‘ஹாமியர்’ மொழிகள் பற்றிய நூலில் மொழிகளோடு இனத்தையும் கலந்து, ஆப்பிரிக்க மக்களை மேல் கீழாக அடுக்கினார். ஜோசஃப் கிரீன்பர்க் 1963இல் வெளியிட்ட ‘ஆப்பிரிக்க மொழிகள்’ நூல் அந்த அடுக்கைத் தகர்த்தது. தோல் நிறத்தையும் வாழ்க்கை முறையையும் ஒதுக்கிவிட்டு, சொற்களையும் வடிவங்களையும் மட்டும் ஒப்பிட்டு மொழிக்குடும்பங்களைப் பிரித்தது. இதையெல்லாம் நான் கோபத்தோடு எழுதினேன். இருபது பக்கம் தாண்டி, ஒரு கென்யப் பெண்ணின் வாக்கியத்துக்கு நட்சத்திரம் போட்டேன்.

அந்தக் குறிக்கே ஆப்பிரிக்க மொழியியலில் இரண்டு வேலைகள் உண்டு. பல மொழிகளுக்கு மூலமான பழைய மொழியின் சொற்களை ஊகித்து எழுதும்போது அவற்றின் முன்னால் நட்சத்திரம் போடுவார்கள்: இதை இன்று வாழ்பவர் யாரும் கேட்டதில்லை என்று பொருள். ஏற்க முடியாத வாக்கியத்துக்கும் நட்சத்திரம்தான்: இதை யாரும் சொல்வதில்லை என்று பொருள். நான் போட்டது என் காதால் கேட்ட ஒரு வாக்கியத்துக்கு, ஒரு மகள் தன் தாயைப் பற்றிச் சொன்னதற்கு.

ஏன் செய்தேன்? நாள் நெருக்கியது, முதுகலையில் இடம் வேண்டும், இந்த அந்நியப் பிள்ளையால் முடியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் காரணங்கள் இருந்த பிற மாணவர்கள் எல்லாரும் பொய் எழுதவில்லை. எனக்குள் இன்னொன்று இருந்தது.

ஜெர்மனியில் எனக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு. பதினொரு வயதில் ஒரு கட்டுரையில், ‘அம்மம்மாவையள் நாளைக்கு வருகினம்’ என்று எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்தது. ‘வருகிறார்கள்’ என்று திருத்தம். அடுத்த கட்டுரையில் ‘அவை வந்தவை’ என்று எழுதினேன். அதற்கு இரண்டு கோடு. அவை என்பது பலவின்பால், மாட்டுக்கும் மரத்துக்கும் உரியது, மனிதரைச் சொல்வது திணை வழு என்று விளக்கம் கிடைத்தது. எழுத்துத் தமிழைச் சொல்லித் தருவது பள்ளிக்கூடத்தின் கடமை. அதில் குறை காண மாட்டேன். அதை வீட்டுக்கு நான் கொண்டுபோன விதம்தான் குற்றம். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்போம். அம்மம்மா, ‘கொம்மான்ரை வீட்டுக்காரர் எல்லாரும் வந்தவை பிள்ளை, உன்னைக் கேட்டவை’ என்றார். நான், ‘அம்மம்மா, மனிசரை அவை எண்டு சொல்லக் கூடாது, அது பிழை’ என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, ‘சரி ராசாத்தி’ என்றார். அடுத்த வாரங்களில் என்னோடு கதைக்கும்போது அவர் சொற்களைத் தேடினார். அதைத் திருத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் ‘அவை’ என்பது மரியாதைப் பன்மை. தலைமுறைகள் தலைமுறைகளாகப் பெரியவர்களைச் சொல்லிவரும் சொல். அம்மம்மா மரியாதையாகத்தான் கதைத்தார்.

புத்தகத்தில் உள்ளதே மொழி, வாயில் உள்ளது அதன் கெட்டுப்போன வடிவம் என்ற எண்ணத்தை நான் பதினொரு வயதில் எடுத்துக்கொண்டேன். இருபத்திமூன்று வயதில் அக்காவின் வாக்கியத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவர் முதல் மாலை கேட்ட கேள்விக்கு நான் சொன்ன ‘சரியானது’ என்ற பதில் அம்மம்மாவிடம் சொன்ன அதே பதில்.

நம் இலக்கண உரைகாரர்கள் என்னைவிடப் பெருந்தன்மை உடையவர்கள். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் திணைப் பகுப்போடுதான் தொடங்குகிறது. திணையும் பாலும் மயங்குவதை வழு என்கிறது நம் மரபு. அதோடு விட்டுவிடாமல், வழுவமைதி என்று ஓர் இடத்தையும் வைத்திருக்கிறது. ஒருவர் தன் பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் ‘அம்மை வந்தாள்’ என்றால் அது திணை மயங்கியதுதான். சொன்னவரின் மகிழ்ச்சியே காரணம் என்று கண்டு ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு வடிவம் விதியோடு முரண்பட்டால், ஏன் இப்படிச் சொன்னார் என்று கேட்பது அந்த மரபு. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் என்னை இன்னும் வருத்துவது. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பதினெட்டு நிமிடத்தை மறுபடி கேட்டுச் சொல் சொல்லாகக் குறித்தேன். அக்காவின் வீட்டு ஸ்வாஹிலி ஒழுங்கு இல்லாதது அல்ல. உயிருள்ளவை எல்லாம் மனிதரின் ஒட்டை எடுக்கின்றன. உயிரற்றவை பெரும்பாலும், அவற்றின் பழைய வகுப்பு எதுவாயினும், ஒருமையில் ஒரே ஒட்டை எடுக்கின்றன. பல வகுப்புகள் கொண்ட ஏற்பாடு, உயிர் உண்டா இல்லையா என்ற இரண்டாகக் கூடி வருகிறது. விலங்குகளை நாம் அஃறிணையில் வைக்கிறோம், அவர்கள் மனிதரோடு வைக்கிறார்கள். அந்த ஒன்றைத் தவிர, இது திணைப் பகுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் ஒரு மொழி. வகுப்பிலிருந்த மாணவர்களில் இதை முதலில் பார்த்திருக்க வேண்டியவள் தமிழ் படித்த நான். கென்யாவின் உள்நாட்டு ஸ்வாஹிலி பற்றி எழுதிய ஆய்வுகளும் நூலகத்தில் இருந்தன. என் முன்மொழிவு தவறு என்று ஒரு பக்கம் எழுதி, இதை அடுத்த பக்கத்தில் வைத்திருந்தால் அது ஓர் உண்மையான ஆய்வேடாக இருந்திருக்கும். கைக்குள் வந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, பாடநூலில் ஏற்கெனவே இருந்ததை நாற்பது பக்கத்தில் திரும்ப எழுதினேன்.

2024இல் அதே சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். ஒரு சின்னப் பிள்ளை, ‘அப்பப்பாவையள் வந்தவை’ என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனை கையில் இருந்தது. கோடு போடப் போனேன், முடியவில்லை. அந்த வாரமே அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

முழுவதையும் சொன்னேன். நட்சத்திரத்தின் பொருளையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. எழுந்து போய்த் தேநீர் வைத்தார், வந்து உட்கார்ந்தார்.

‘எந்த ஸ்வாஹிலி வேண்டும் என்று முதல் நாளே உன்னிடம் கேட்டேன்’ என்றார்.

‘கேட்டீர்கள்.’

‘தம்பி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் கதிரைக்கு மேலே.’

எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. கிளம்பும்போது, அந்தப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த நாள் ஆறு மாலைகளின் பதிவுகளையும் அவரிடம் கொடுத்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கையில் இருந்திருக்க வேண்டியவை. தம்பிக்கு உண்மையைத் தானே சொல்வதாகச் சொன்னார். சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

நெறியாளருக்கும் கடிதம் எழுதினேன். மதிப்பிட்டு முடிந்த ஏட்டில் இனி எதையும் மாற்ற முடியாது. 1.3 அப்படியே இருக்கிறது. அந்த மதிப்பெண்ணால்தான் முதுகலையில் இடம் கிடைத்தது என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலோ தர்மபுரியிலோ நக்கூருவிலோ, ஒருவர் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். கேள்வித்தாள் முடிந்த பிறகும் கருவியை நிறுத்தாதீர்கள். அவர் தாமாகச் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அட்டவணையோடு அது பொருந்தாவிட்டால், பொருந்தவில்லை என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு வடிவத்தைப் பிழை என்று குறிப்பதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். கேட்காமல் அவர் பெயரால் எழுதாதீர்கள். ஏடு அச்சானதும் முதல் பிரதியை அவரிடம் கொண்டுபோய், அவர் சொன்னது எந்தப் பக்கத்தில் எப்படி வந்திருக்கிறது என்று அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். அப்படி வாசித்துக் காட்ட முடியாத வரி ஒன்று இருந்தால், அதை அச்சுக்குப் போகும் முன்பே அடித்துவிடுங்கள்.